செவ்வாழையில் பச்சைத் தார்: சடுதி மாற்றம் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி (களியக்காவிளை): செவ்வாழைக் கன்று வாங்கி நட்டேன். ஒன்று மட்டும் பச்சைத் தார் தள்ளியிருக்கிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவர்மேல் பழி போடாதீர்கள். கன்றின் குருத்தில் ஏதோ ஓர் உயிரணுவில் சடுதி மாற்றம், அதாவது மரபணுவில் திடீர் மாற்றம், நேர்ந்து, சிவப்பு நிறமி உண்டாவது நின்றுபோயிருக்கும். செவ்வாழையில் இது அவ்வப்போது நடப்பதுதான். பழத்தைத் தயங்காமல் சாப்பிடலாம். அடுத்த நடவுக்குத் தண்டு சிவந்த கன்றாகப் பார்த்துப் பிரித்தெடுங்கள்.

கேள்வி (கூடலூர்): அண்ணன் மகளுக்கு அரிவாள் செல் ரத்தசோகை. அண்ணி வழியாக வந்த குறை என்று வீட்டில் தினமும் பேச்சு. எனக்கும் பெண் பார்க்கிறார்கள், பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு மாறிய மரபணு வந்தால்தான் இந்த நோய். உங்கள் அண்ணனுக்கும் அதில் சரிபாதி உண்டு. இதுவும் சடுதி மாற்றம்தான்; எழுத்துகளின் வரிசை போன்ற மரபணுவில் மாறியிருப்பது ஒரே ஓர் எழுத்து. அதனால், சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியில், ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வேலின் என்ற இன்னொன்று வந்து சேர்கிறது. ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கிறது. அந்த வலி பெரியவர்களாலேயே தாங்க முடியாதது. குழந்தை அழுதால் அடம் என்று எண்ணிவிடாதீர்கள்.

மாறிய மரபணு ஒன்று மட்டும் உள்ளவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். கடும் மலேரியாவிலிருந்து அவருக்குக் காப்பும் உண்டு. மலேரியா வாட்டிய நீலகிரி, வயநாட்டுக் காடுகளில் இந்த மாற்றம் தலைமுறைகளாகத் தங்கிவிட்டதற்கு அதுவே காரணம். நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952-லேயே இதைக் கண்டறிந்தார்கள்.

திருமணத்துக்கு முன் நீங்கள் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு இருந்தால் பெண்ணும் செய்துகொள்ளட்டும். இருவருக்கும் ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. பெண்ணுக்கு ஹீமோகுளோபின் குறை எதுவும் இல்லையென்றால் பிள்ளைக்கு இந்த நோய் வராது. அண்ணன் மகளுக்குக் காய்ச்சல் கண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி (மணவாளக்குறிச்சி): மகளைக் கருநாகப்பள்ளியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். இப்போது முழுகாமல் இருக்கிறாள். அங்கேயும் கதிர்வீச்சு மணல்தானாமே?

பதில்: ஆமாம், அந்த மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில், கதிர்வீச்சை வெளியிடும் தோரியம் இருக்கிறது. கதிர்வீச்சு மரபணுக்கள் அடங்கிய டி.என்.ஏ.வைச் சிதைக்கக்கூடியது, உயிரணு அந்தச் சிதைவைப் பழுதுபார்க்கவும் செய்யும். அங்கே பல ஆண்டுகள் புற்றுநோய்க் கணக்கெடுத்தார்கள். அந்தக் கரையில் பிறந்த குழந்தைகளையும் ஆராய்ந்தார்கள். இயற்கைக் கதிர்வீச்சால் பாதிப்பு கூடியதாகத் தெரியவில்லை. மகள் நிம்மதியாக இருக்கட்டும். மாதாந்திரப் பரிசோதனையை மட்டும் விட வேண்டாம்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): தோட்டத்தில் வெள்ளைக் காகம் ஒன்று வருகிறது. கெட்ட சகுனமா?

பதில்: இல்லை. சடுதி மாற்றத்தால் கருநிறமி உண்டாகாத காகம் அது. மற்றக் காகங்கள் அதைக் கொத்தித் துரத்தும், நீங்களாவது கல்லெறியாதீர்கள்.