முதியவர்களே தன்னார்வலர்களாகத் திரண்டு போராடி எங்காவது சட்டம் மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. அமெரிக்காவின் ‘கிரே பாந்தர்ஸ்’ இயக்கம் நல்ல உதாரணம்.

மேகி கூன் என்பவர் பிரெஸ்பிட்டேரியன் என்ற கிறிஸ்தவத் திருச்சபையின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1970-இல் 65 வயது நிறைந்ததும் கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. தன்னைப் போலவே ஓய்வு பெறும் நிலையில் இருந்த சில தோழிகளைச் சேர்த்துக்கொண்டு இயக்கம் தொடங்கினார். கட்டாய ஓய்வை எதிர்த்தார்கள், முதியோர் இல்லங்களின் நிலையை வெளிக்கொண்டு வந்தார்கள், டி.வி.யில் கிழவன் கிழவி என்று கேலி செய்வதைக் கண்டித்தார்கள்.

அங்கே 1967-இலேயே வயதுப் பாகுபாட்டுக்கு எதிரான வேலைவாய்ப்புச் சட்டம் உண்டு. ஆனால் அது 40 முதல் 65 வயது வரைதான் காத்தது. அதாவது, பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் வயதில் கைவிட்டது! 1978-இல் அந்த வரம்பு 70 ஆனது. 1986-இல் பெரும்பாலான வேலைகளுக்கு மேல் வரம்பே நீங்கியது. இது இவர்கள் மட்டும் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் கிளாட் பெப்பர் என்ற மூத்த உறுப்பினர் விடாமல் முட்டி மோதினார். அவருக்கும் அப்போது எழுபதைத் தாண்டிய வயது.

எனக்குப் பிடித்தது வேறொன்று. இயக்கத்தில் இளைஞர்களையும் சேர்த்தார்கள், வியட்நாம் போரையும் எதிர்த்தார்கள். நம்மூரில் ஓய்வு வயதை உயர்த்தினால் வேலை தேடும் பிள்ளைகள் கொதிப்பார்கள். அந்த மோதலை மேகி முன்கூட்டியே யோசித்திருப்பார் போல. பிலடெல்பியாவில் தன் வீட்டிலேயே இளையவர்களோடு சேர்ந்துதான் வாழ்ந்தார்.