பான்ஹோஃப் என்று சொன்ன நாள்

கேள்வி: ஜேர்மன் சிறுகதை ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இலண்டன் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினேன். அண்ணன் தங்கையைப் பார்த்து 'பெலைடிக்டே லேபர்வூர்ஸ்ட்' என்று சொல்லும் இடத்தில் 'ஒஃபெண்டட் லிவர் சொசேஜ்' என்று எழுதினேன். 'இது என்ன?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அகராதியில் உள்ளதைத்தானே எழுதினேன், ஐயா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: அகராதி உங்களுக்குச் சொல்லைத் தந்தது, பிள்ளை. அந்த அண்ணன் என்ன செய்கிறான் என்பதைத் தரவில்லை. கோபித்துக்கொண்டு ஒரு மூலையில் இருக்கிற தங்கையை அவன் சீண்டுகிறான். 'மனம் புண்பட்ட ஈரல் சொசேஜ்' என்று ஜேர்மன்காரர் சொல்லும்போது அவருடைய கண்முன் சொசேஜ் எதுவும் வருவதில்லை, உம்மென்றிருக்கும் முகம்தான் வருகிறது.

என் வழி இதுதான்: நேரே ஆங்கிலத்துக்குப் பாய மாட்டேன். முதலில் நம் வீட்டுக்குக் கொண்டுவருவேன். 'இப்ப என்னத்துக்கு மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கிறாய்?' இதை யார் யாருக்குச் சொல்வார்கள், எவ்வளவு சூட்டோடு சொல்வார்கள் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே சூட்டோடு ஆங்கிலத்துக்குப் போங்கள். 'ஓ, ஸ்டொப் சல்கிங்' தானாக வரும். சொசேஜ் போய்விடும், அது இழப்புத்தான். ஆனால் அண்ணனும் தங்கையும் பிழைப்பார்கள்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 1985இல் நம்மவர்கள் பலரைப் போல நானும் கிழக்கு பெர்லினில் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்குக்குப் போனவன். பிறகு டோர்ட்முண்டில் ஒரு உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவினேன். ஒருநாள் தலைமைச் சமையற்காரர் ஏதோ விளங்கப்படுத்தினார். நான் விழித்துக்கொண்டு நின்றேன். 'டு ஃபெர்ஷ்டேஸ்ட் நூர் பான்ஹோஃப்' என்றார். எனக்குத் தெரிந்த ஒரே சொல் பான்ஹோஃப், ரயில் ஸ்டேசன். போகச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு டோர்ட்முண்ட் ஸ்டேசன் வரைக்கும் நடந்தேன். வாங்கில் இருந்து அழுதேன். என்னைத் தேடிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

'உனக்கு ஸ்டேசன் மட்டும்தான் விளங்குகிறது', அதாவது ஒன்றுமே விளங்கவில்லை என்பதுதான் அதன் பொருள். முதலாம் உலகப் போரில் களைத்துப்போன சிப்பாய்களிடமிருந்து வந்தது என்பார்கள். ஊருக்குப் போகும் ரயிலைத் தவிர வேறெதுவும் அவர்கள் காதில் ஏறவில்லையாம். அந்த வாங்கில் இருந்த எனக்கும் அப்படித்தான். இதற்கு ஆங்கிலத்தில் 'இட்ஸ் ஓல் கிறீக் டு மி' என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது படித்தவர் வாய்ப்பேச்சு, சமையலறையில் ஒட்டாது. 'யூ ஹெவன்ட் அண்டர்ஸ்டுட் எ வேர்ட், ஹெவ் யூ?' என்பேன்.

இன்னொன்று. யாருடைய ஆங்கிலத்துக்கு என்பதையும் முதலிலேயே தீர்மானியுங்கள். 'டு ஷ்பின்ஸ்ட் வோல்' என்பதற்கு நம் கொழும்பு ஆங்கிலத்தில் 'ஆர் யூ மேட், மென்?' என்பதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. பம்பலப்பிட்டியில் எல்லோருக்கும் விளங்கும். இலண்டன் சஞ்சிகைக்கு அந்த 'மென்' ஆகாது. 'யூ மஸ்ட் பி ஜோக்கிங்' போதும்.

கேள்வி: ஜேர்மன் வகுப்புச் சோதனையில் மயிரிழையில் சித்தியடைந்தேன். ஆசிரியை, 'டா ஹாஸ்ட் டு ஷ்வைன் கெஹாப்ட்' என்றார். ஷ்வைன் என்றால் பன்றி. என்னைப் பன்றி என்றாரா? இரண்டு நாளாக நித்திரை இல்லை.
மாணவன், தெஹிவளை

பதில்: நித்திரை கொள்ளும், தம்பி. 'உனக்கு அதிர்ஷ்டம் அடித்தது' என்றார். ஜேர்மனியில் பன்றி வசைக்கும் உதவும், அதிர்ஷ்டத்துக்கும் அதுதான் சின்னம். புத்தாண்டுக்கு மார்சிபான் என்ற பாதாம் இனிப்பில் செய்த பன்றிக்குட்டி கொடுப்பார்கள். ஆங்கிலத்தில் 'யூ கொட் லக்கி தெயர்'. 'சௌகால்ட்' என்று கேட்டாலும் பயப்பட வேண்டாம். சௌ என்பது பெண் பன்றி, ஆனால் அங்கே அது 'பொல்லாத குளிர்' என்பதில் வரும் 'பொல்லாத' மட்டும்தான்.

கேள்வி: ஜேர்மனியில் இருக்கும் மச்சான் மீது, பொலிஸ்காரரை அவமதித்ததாக முறைப்பாடு. சட்டத்தரணிக்காகக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன். கெட்ட வார்த்தையைக் கொஞ்சம் மென்மையாக்கலாமா? 'டு' என்று கூப்பிட்டதையும் ஒரு குற்றமாக எழுதியிருக்கிறார்கள். அதை 'யூ' என்று எழுதினால் குற்றமே தெரியவில்லையே?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மென்மையாக்காதேயும், தம்பி. ஜேர்மன் தண்டனைச் சட்டத்தின் 185ஆம் பிரிவில் அவமதிப்பே ஒரு குற்றம். அபராதம் வரலாம், சிறையும் வரலாம். சொன்ன சொல்தான் அங்கே சாட்சி. நீர் சொல்லை மாற்றினால் சாட்சியை மாற்றியதாகும், பிறகு சட்டத்தரணி, நடக்காத ஒன்றை வைத்தல்லவா வாதாடுவார்? கதையில் சூட்டைப் பார்த்து மாற்றச் சொன்ன நான்தான் இங்கே சொல்லுக்குச் சொல் எழுதும் என்கிறேன். ஆனாலும் சூட்டை விட்டுவிட வேண்டாம். மலம் என்று பொருள்படும் 'ஷைஸே' அங்கே சலிப்பில் சாதாரணமாக வாயில் வருவது. எழுத்துக்கு எழுத்து ஆங்கிலமாக்கினால் ஒரு படி கூடிவிடும், அதை அடிக்குறிப்பில் சொல்லிவிடும். அவர்கள் வசையெல்லாம் பெரும்பாலும் மலத்தைச் சுற்றி ஓடும், ஆங்கிலத்தின் வசை படுக்கையைச் சுற்றி. நம்முடையது தாயையும் பிறப்பையும் இழுப்பது.

'டு' விஷயத்தில் உமது சந்தேகம் சரியானது. யாழ்ப்பாணத் தமிழில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி உண்டு. நான் உம்மை 'நீர்' என்பதில் உரிமையும் இருக்கிறது, மதிப்பும் இருக்கிறது. ஜேர்மனில் நெருக்கத்துக்கு 'டு', மரியாதைக்கு 'சீ' என்று இரண்டு. அறிமுகமில்லாத உத்தியோகத்தரை 'டு' என்பது, பொலிஸ் நிலையத்தில் நின்றுகொண்டு இன்ஸ்பெக்டரை 'டேய், நீ' என்பது மாதிரி. சூழலைப் பொறுத்து அதற்கே அபராதம் கட்டியவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் இருப்பது ஒரே 'யூ'. கதையென்றால் 'லிஸன், மேட்' என்று எழுதி அந்தச் சூட்டைக் கொண்டுவரலாம். இது வழக்குக் கடிதம். 'டு' என்பதை அப்படியே வைத்து, அடியில் இப்படி ஒரு குறிப்புப் போடும்: நெருங்கியவர்களையும் சிறுவர்களையும் அழைக்கும் முன்னிலைச் சொல், அறிமுகமில்லாத பெரியவரிடம் சொன்னால் மரியாதைக் குறைவு. மச்சான் அந்த நாட்டுக்குப் போய் எத்தனை வருடம் என்பதையும் சட்டத்தரணிக்குச் சொல்லும். 'சீ' பழகாத புதியவர் என்றால் அது அவருக்கு உதவும்.