ரோச்செஸ்டர் கோட்டை: குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கேள்வி பதில்

கேள்வி: லண்டனில் இருக்கும் நாட்களில் ஒரு கோட்டையாவது பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். டோவரா, ரோச்செஸ்டரா?

பதில்: முழு நாள் ஒதுக்க முடிந்தால் டோவர், அரை நாள்தான் என்றால் ரோச்செஸ்டர். செயின்ட் பேங்க்ரஸில் அதிவேக ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். முற்றுகை என்றால் என்னவென்று கண்ணால் பார்க்க ரோச்செஸ்டர்தான் சரி என்பேன்.

கேள்வி: படத்தில் வெறும் கூடு மாதிரி இருக்கிறதே, உள்ளே பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: கூடுதான். கூரை இல்லை, மரத்தளங்களும் போய்விட்டன. ஆனால் அதனால்தான் 113 அடி உயரக் கோபுரத்தின் உள்கட்டமைப்பு முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிறது: உத்தரம் செருகிய குழிகள், அந்தரத்தில் நிற்கிற கணப்பு அடுப்புகள். நடுவில் கோபுரத்தை இரண்டாகப் பிரிக்கும் சுவருக்குள்ளேயே கிணற்றுக் குழாய் மேல்தளம் வரை போகிறது, எந்தத் தளத்தில் இருந்தாலும் தண்ணீர் இறைத்துக்கொள்ளலாம். கேன்டர்பரி பேராயர் 1127 வாக்கில் கட்டத் தொடங்கியது, யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்.

கேள்வி: கோபுரத்தின் மூன்று மூலைகள் சதுரமாக இருக்க, ஒன்று மட்டும் ஏன் உருண்டை?

பதில்: இதை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகளே சுற்றிவந்து கண்டுபிடிக்கட்டும். 1215 ஜூனில், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மேக்னா கார்ட்டா சாசனத்துக்கு ஒப்புக்கொண்ட இங்கிலாந்தின் ஜான் மன்னர் சில மாதங்களிலேயே அதை உதறிவிட, எதிர்த்த பிரபுக்களின் ஆட்கள் இந்தக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மன்னர் அக்டோபரில் வந்து வளைத்தார். கல்லெறி எந்திரங்களால் கோபுரம் அசையவில்லை. அப்புறம் தென்கிழக்கு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மேலே இருக்கிற சுவரை மரமுட்டுகளால் தாங்கவைத்து, அந்த முட்டுகளுக்குத் தீ வைத்தார்கள். தீ நன்றாகப் பிடிக்க, தின்பதற்கு உதவாத நல்ல கொழுத்த பன்றிகள் 40 அனுப்பு என்று மன்னர் எழுதிய உத்தரவு இன்னும் இருக்கிறது. முட்டு எரிந்தது, மூலை சரிந்தது. அப்போதும் உள்ளே இருந்தவர்கள் பணியாமல் அந்த நடுச்சுவருக்குப் பின்னால் ஒதுங்கிச் சண்டை போட்டார்கள், குதிரைகளையும் தின்று தீர்த்த பிறகு நவம்பர் 30 அன்றுதான் சரண். பிற்பாடு அந்த மூலையை உருண்டையாகக் கட்டினார்கள். கூர்முனை இல்லாத சுவரில் கல்லைப் பெயர்ப்பது கடினம், மேலிருந்து பார்க்கிற காவலன் கண்ணுக்குப் படாத இடமும் குறைவு.

அந்தப் பன்றி உத்தரவு போனது மன்னரின் தலைமை அதிகாரியான ஹியூபர்ட் டி பர்க்குக்கு. அடுத்த வருடம் டோவரை பிரெஞ்சு இளவரசர் லூயி முற்றுகையிட்டு இதே சுரங்க வித்தையால் வடக்கு வாசல் கோபுரத்தைச் சரித்தபோது, உள்ளே நின்று காத்தவர் அதே ஹியூபர்ட். இடிந்த இடத்தை மரங்களால் அடைத்துத் தாக்குப்பிடித்தார்.

கேள்வி: கொதிக்கிற எண்ணெய் ஊற்றினார்களா?

பதில்: எண்ணெய் விலைக்குக் கட்டுப்படியாகாது. கல், சுடுநீர், காய்ச்சிய மணல் என்று கையில் இருந்ததைத்தான் பெரும்பாலும் கொட்டினார்கள்.

கேள்வி: சுழல்படி வலப்பக்கம் சுற்றுவது, ஏறிவரும் எதிரியின் வலக்கை சுவரில் இடித்து வாள் வீச முடியாமல் போகவேண்டும் என்பதற்கா?

பதில்: வழிகாட்டிகள் சொல்வார்கள், நான் நம்புவதில்லை. இடப்பக்கம் சுற்றுகிற படிகளும் கோட்டைகளில் இருக்கின்றன. எதிரி படி வரை வந்துவிட்டால் சண்டை ஏற்கெனவே முடிந்த மாதிரிதான்.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவலி, கைக்குழந்தையும் உண்டு.

பதில்: படிகள் குறுகல், லிஃப்ட் கிடையாது, தள்ளுவண்டி ஏறாது. அம்மாவும் குழந்தையும் கீழே புல்வெளியில் இருக்கட்டும், எதிரிலேயே பேராலயம் இருக்கிறது. மழை நாளில் மட்டும் போகாதீர்கள்.