ஹாரன் கேட்டாலே படபடப்பு, மாரடைப்பில் விட்டுவிடுமா?

கேள்வி: வயது 44. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு லோடு வண்டி ஓட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன் மலைப்பாதை வளைவில் வண்டி கவிழ்ந்து கிளீனர் இறந்துவிட்டார். அதிலிருந்து சரியான தூக்கம் இல்லை, ஹாரன் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. ஈசிஜி நார்மல். இந்தப் பயமே மாரடைப்பைக் கொண்டுவருமா? பீடி ஒரு கட்டு இரண்டாகிவிட்டது, ராத்திரி ஒரு குவார்ட்டர்.

பதில்: கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், நான் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

உங்களுக்கு இருப்பது கோழைத்தனம் இல்லை. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வருகிற பி.டி.எஸ்.டி. என்ற மனநலப் பாதிப்பாக இருக்கலாம், நேரில் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். விபத்து முடிந்துவிட்டது என்பது உடம்புக்கு இன்னும் புரியவில்லை. ஹாரன் கேட்டதும் அட்ரினலின் சுரந்து துடிப்பும் பிரஷரும் ஏறுகின்றன. தினமும் இப்படி நடந்தால் இதயத்துக்கு நல்லதில்லை, உண்மைதான்.

ஆனால் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரிடம் நடத்தி 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இதய, ரத்த ஓட்ட நோய்கள் வரும் வாய்ப்பு 41 சதவீதம் அதிகமாக இருந்தது. புகை, சர்க்கரை, பிரஷர், பருமன், தூக்கக் கோளாறு, மனச்சோர்வு எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசமே இல்லாமல் போனது. பயத்தைவிட, பயத்தை அடக்கப் பிடித்துக்கொண்ட பீடியும் சரக்கும், கெட்டுப்போன தூக்கமும்தான் அதிகம் கெடுக்கின்றன என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வகையில் நல்ல சேதி இது, நடந்த விபத்தை மாற்ற முடியாது, இவற்றை மாற்றலாம்.

பீடி சின்னதுதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விட்ட ஒரே வருடத்தில், புகையால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் சுமார் பாதியாகக் குறையும். குவார்ட்டர் தூங்க வைக்கும், நடுராத்திரியில் எழுப்பியும் விடும். அதற்காக இன்றைக்கே சட்டென்று நிறுத்த வேண்டாம், நடுக்கம் வரலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

ஈசிஜி, எடுத்த அந்த நேரத்து இதயத்தைத்தான் காட்டும். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு நான்கையும் பாருங்கள். அப்புறம் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். இதற்கென்றே பேச்சு சிகிச்சை இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள், இலவசம். நெஞ்சில் அழுத்தம் வந்து, கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் மட்டும் வழக்கமான படபடப்புதானே என்று உட்கார்ந்திருக்காமல் உடனே 108.

ஓபியில் பீடிக் கணக்கைக் குறைத்துச் சொல்லாதீர்கள். நிறையப் பேர் பாதிதான் சொல்கிறார்கள், நாங்களும் மனதுக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்கிறோம்.