பின்னணி இசை ஆல்பம்: எந்தப் பதிப்பை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: ஒரு படம் பிடித்துவிட்டால் அதன் பின்னணி இசை பல நாள் காதிலேயே நிற்கிறது. அந்த வேகத்தில் சில ஆல்பங்கள் வாங்கினேன். பாதிக்கு மேல் ஒரு தடவை கேட்டதோடு சரி. ஒன்றில் நான் எதற்காக வாங்கினேனோ அந்தக் காட்சியின் இசையே இல்லை. 'ஜாஸ்' என்ற சுறாப் படம் மாதிரி பழைய படங்களுக்கு இரண்டு மூன்று பதிப்புகள் வேறு இருக்கின்றன. எதை வாங்குவது என்று எப்படித் தீர்மானிப்பது? முழு இசையும் உள்ள பதிப்புதான் எப்போதும் சிறந்ததா? சிடி வாங்கலாமா, வினைல் வாங்கலாமா?

பதில்: படம் பார்த்த சூட்டில் வாங்காதீர்கள். படம் நினைவில் பசுமையாக இருக்கும்வரை எந்த இசையைக் கேட்டாலும் கூடவே காட்சியும் ஓடும். நடிகரின் முகம், காட்சி மாறும் வெட்டு, அதற்கு முன்னால் இருந்த நிசப்தம் எல்லாம் சேர்ந்து இசைக்கு வலு கொடுக்கும். பத்து நாள் போகட்டும். பிறகு ஸ்ட்ரீமிங்கில் அந்த ஆல்பத்தைத் திறந்து, நடுவில் ஏதாவது மூன்று ட்ராக்குகளைக் கேளுங்கள். முதல் ட்ராக்கும் கடைசி ட்ராக்கும் வேண்டாம். முக்கியமான தீம் பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான் முழுசாக வரும், அதனால் அவை எல்லா ஆல்பத்திலும் நன்றாகத்தான் இருக்கும். காசுக்குத் தகுமா என்பதை நடுப்பகுதிதான் சொல்லும்.

அங்கே கவனிக்க வேண்டியது, இசை எங்காவது போகிறதா என்பது. பதற்றமான காட்சிக்கு வயலின்கள் ஒரே சுரத்தை ஒன்றரை நிமிடம் பிடித்துக்கொண்டு நிற்கும். திரையில் அதுதான் சரி. அதற்கு மேல் இசை ஏதாவது செய்தால் வசனம் கெடும். இசையமைப்பாளர் தன் வேலையைக் கச்சிதமாகச் செய்திருக்கிறார். ஆனால் வீட்டில் உட்கார்ந்து கேட்க அதில் எதுவும் இல்லை. மறுபக்கம், ஒரு சின்ன மெட்டு முதலில் தனிப் புல்லாங்குழலில் வந்து, நாலு ட்ராக் தள்ளி செல்லோவில் சோகமாகத் திரும்பி, கடைசியில் முழு ஆர்கெஸ்ட்ராவில் எழுந்தால், அந்த ஆல்பத்தை நீங்கள் பத்து வருடம் கழித்தும் எடுத்துக் கேட்பீர்கள்.

ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' (1982) இதற்கு நல்ல சாட்சி. கடைசிக் கால் மணி நேரத்துக்கான இசையைத் திரையில் ஓடும் படத்தோடு நொடிக்கு நொடி பொருத்த இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் பாடுபட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீல்பெர்க் படத்தை நிறுத்தச் சொல்லி, கச்சேரியில் ஆர்கெஸ்ட்ராவை நடத்துவதுபோலத் தாராளமாக நடத்துங்கள் என்றார். பிறகு அந்த இசைக்குத் தகுந்தபடி காட்சியின் எடிட்டிங்கை மாற்றிக்கொண்டார். அந்தப் பகுதியைப் படமே பார்க்காதவர் கேட்டாலும் அது ஒரு முழுமையான இசைப் படைப்பாகத்தான் கேட்கும். செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) படத்துக்கும் என்னியோ மோரிகோனே படப்பிடிப்புக்கு முன்பே முக்கியத் தீம்களை எழுதிவிட்டார். படப்பிடிப்புத் தளத்தில் அதை ஒலிக்கவிட்டு நடிகர்களை நடக்க வைத்தார்கள். படத்துக்கு முன்னாலேயே பிறந்த இசைக்குத் தனியாக நிற்கத் தெரியும். நான் யாருக்காவது முதல் ஆல்பம் பரிந்துரைக்க வேண்டியிருந்தால் இந்த வகையில்தான் தேடுவேன்.

இசை தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி எந்தப் பதிப்பு என்பது. உங்களுக்கு ஏமாற்றம் நேர்ந்தது இங்கேதான். ஒரு படத்தின் பெயரைப் போட்டு விற்கும் ஆல்பம் அந்தப் படத்தில் ஒலித்த இசை முழுவதையும் தர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 'இன்டர்ஸ்டெல்லார்' (2014) படத்தில் சுழலும் விண்கலத்தோடு இணையும் காட்சியின் இசை, 'நோ டைம் ஃபார் காஷன்', முதலில் வந்த சாதாரணப் பதிப்பில் இல்லை. ரசிகர்கள் அதைத்தான் முதலில் தேடினார்கள். பின்னால் வந்த விரிவான பதிப்புகளில்தான் அது சேர்ந்தது. ஆகவே, ஒரு காட்சிக்காக வாங்குகிறீர்கள் என்றால் ட்ராக் பட்டியலை வைத்துக்கொண்டு அந்தக் காட்சி எந்த ட்ராக் என்று கண்டுபிடியுங்கள். பெயர் மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் ஒலிக்கவிட்டு உறுதி செய்யுங்கள். ட்ரெய்லரில் கேட்ட இசையைத் தேடுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: ட்ரெய்லர் இசை பெரும்பாலும் வேறு நிறுவனத்திடம் வாங்கிப் போட்டதாக இருக்கும். அது ஆல்பத்தில் இருக்கவே இருக்காது.

நீங்கள் கேட்ட 'ஜாஸ்' விஷயத்துக்கு வருகிறேன். 1975-இல் வந்த எல்பி தட்டில் (அந்தக் கால வினைல்) இருப்பது படத்தில் ஒலித்த பதிவு அல்ல. தட்டுக்காகவே வில்லியம்ஸ் சில பகுதிகளை விரித்து எழுதி, திரும்ப வாசிக்க வைத்துப் பதிந்தது அது. கடல் பயணப் பகுதிகள் அதில் கச்சேரித்தனமாக, ஓடியாடி ஒலிக்கும். படத்தில் ஒலித்த பதிவு 2000-இல்தான் சிடியாக வந்தது. 2015-இல் திரையிசை ஆல்பங்களை வெளியிடும் இன்ட்ராடா நிறுவனம் இரண்டையும் சேர்த்து இரட்டை சிடியாக வெளியிட்டது. படத்தின் கொடூரம் அப்படியே வேண்டுமென்றால் படப் பதிவு. இசையாகக் கேட்டு அனுபவிக்க 1975 பதிவே எனக்கு ஒரு படி மேல். இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு 2015 பதிப்பு இருக்கிறது.

இப்படி ஆல்பத்துக்காகத் திரும்பப் பதிவது அந்தக் காலத்தில் சகஜம். ஹாலிவுட் இசையமைப்பாளர் ஹென்றி மான்சினியின் புகழ்பெற்ற தட்டுகள் பல அப்படி வந்தவைதான். சிடி காலத்தில் இன்னொரு சிக்கல் சேர்ந்தது. அமெரிக்காவில் படத்துக்கு வாசித்த இசைக்கலைஞர்களின் பதிவை ஆல்பமாக வெளியிட்டால், சங்க ஒப்பந்தப்படி அவர்களுக்குத் தனியாகப் பணம் தர வேண்டும். ஆல்பம் நீளமானால் அந்தத் தொகையும் ஏறும். 1980-களிலும் 90-களிலும் வந்த பல சிடிக்கள் முப்பது நிமிடத்தோடு நின்றுபோனதற்கு இதுவே காரணம். எழுபது நிமிடத்துக்கு மேல் இடமிருக்கும் சிடியில் அரை மணி நேரம்தான் இருக்கிறதே என்று வாங்கியவர்கள் புலம்பினார்கள். பிற்காலத்தில் ஒப்பந்தம் தளர்ந்த பிறகுதான் இன்ட்ராடா, லா-லா லேண்ட், வரேஸ் சரபாண்ட் போன்ற நிறுவனங்கள் அந்தப் படங்களின் விரிவான பதிப்புகளைத் தாராளமாகக் கொண்டுவர முடிந்தது. ஒரு 90-கள் படத்துக்குப் பழைய சிடி கையில் கிடைத்தால், விரிவான பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆனால் விரிவானது எல்லாம் மேலானது என்று நினைத்துவிட வேண்டாம். 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' இரட்டைத் தட்டு சுமார் 75 நிமிடம். வில்லியம்ஸ் அதில் கதை வரிசையைக் கலைத்து, வேகமும் அமைதியும் மாறி மாறி வரும்படி அடுக்கினார். 1997-இல் வந்த இரண்டு சிடி பதிப்பு படத்தின் வரிசையிலேயே எல்லாவற்றையும் தருகிறது. படத்தை ஊன்றிப் பார்த்தவருக்கு அது பொக்கிஷம். உட்கார்ந்து ஒரே மூச்சில் கேட்கிறவருக்கு முந்தையதே சுகம். 'தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகத்துக்கு 2001 ஆல்பம் எழுபது நிமிடம் சொச்சம். 2005-இல் வந்த முழுப் பதிப்பு சுமார் மூன்று மணி நேரம். ஹோவர்ட் ஷோர் ஒவ்வொரு இனத்துக்கும் இடத்துக்கும் தனித்தனித் தீம் வைத்து நெய்திருப்பதால் இதில் மட்டும் மூன்று மணி நேரமும் தாங்குகிறது. பெரும்பாலான படங்களுக்கு அந்தத் தாங்கு சக்தி கிடையாது. நாற்பது விநாடி, ஐம்பது விநாடி என்று துண்டு ட்ராக்குகள் வரிசையாக நீண்டால், அந்த முழுப் பதிப்பை நீங்கள் இரண்டாம் முறை கேட்க மாட்டீர்கள். ட்ராக் நேரங்களைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

விரிவான பதிப்புக்கு நிச்சயம் காசு கொடுக்கலாம் என்று நான் சொல்வது ஒரு வகைப் படத்துக்கு: படத்தில் ஒலித்ததும் இசையமைப்பாளர் எழுதியதும் வேறாக இருந்தால். 'ஏலியன்' (1979) அப்படிப்பட்டது. ஜெர்ரி கோல்ட்ஸ்மித் முதலில் எழுதிய தொடக்க இசையில், விண்வெளியின் அழகைச் சொல்லும் ஒரு தனிமையான ட்ரம்பெட் மெட்டு இருந்தது. அது வேண்டாம் என்று, சிலீரென்ற விசித்திர ஒலிகளோடு வேறு ஒன்று எழுத வைத்தார்கள். சில இடங்களில் அவர் 1962-இல் 'ஃபிராய்டு' படத்துக்கு எழுதிய இசையை வெட்டி ஒட்டினார்கள். முடிவில் ஹோவர்ட் ஹேன்சன் என்ற வேறொரு இசையமைப்பாளரின் இரண்டாம் சிம்பொனியைப் போட்டார்கள். அதே வருடம் வந்த தட்டிலோ கோல்ட்ஸ்மித் தன் விருப்பப்படி மூல வடிவத்தை வைத்தார். 2007-இல் இன்ட்ராடா வெளியிட்ட இரண்டு சிடி பதிப்பில் மூல இசை, மாற்றி எழுதியவை, பழைய தட்டு மூன்றும் இருக்கின்றன. ஒரே காட்சிக்கு ஒருவர் எழுதிய இரண்டு இசைகளை அடுத்தடுத்துக் கேட்பது, படத்துக்கு இசையமைப்பது எப்படிப்பட்ட வேலை என்பதை எந்தப் பாடத்தையும்விட நன்றாகச் சொல்லித்தருகிறது.

அட்டையில் சில சொற்களைப் பார்த்துப் பழகுங்கள். 'ஸ்கோர்' என்று இருந்தால் பின்னணி இசை. 'சவுண்ட்ட்ராக்' என்று மட்டும் இருந்தால் பாடல் தொகுப்பாகவும் இருக்கலாம். 1989 'பேட்மேன்' படத்துக்குப் பாடகர் பிரின்ஸின் பாடல் ஆல்பம் தனி, டேனி எல்ஃப்மேனின் பின்னணி இசை தனி. 'இன்ஸ்பயர்டு பை' என்ற சொல் இருந்தால் படத்தில் வராதவையும் கலந்திருக்கும். இசைக்குழுவின் பெயரையும் பாருங்கள். 'பிளேடு ரன்னர்' (1982) வெளியானபோது கடைக்கு வந்தது நியூ அமெரிக்கன் ஆர்கெஸ்ட்ரா வாசித்த பிரதி. படத்துக்கு இசையமைத்த வாங்கெலிஸின் சொந்த ஆல்பத்துக்கு 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் சில ட்ராக்குகளில் படத்து வசனம் மேலே ஒலிக்கும். அது உங்களுக்கு இடையூறா என்று முதலிலேயே கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

வேறு இசைக்குழு வாசித்தது என்பதற்காகவே ஒன்றை ஒதுக்கவும் வேண்டாம். பெர்னார்ட் ஹெர்மன் 'சைக்கோ' (1960) இசையை 1975-இல் தானே நடத்தித் திரும்பப் பதிந்தபோது, படத்தைவிட வேகம் கணிசமாகக் குறைந்துவிட்டது. எழுதியவரே நடத்தியது என்றாலும் படத்தின் பதைபதைப்பு அதில் வராது. ஜோயல் மெக்நீலி ராயல் ஸ்காட்டிஷ் தேசிய ஆர்கெஸ்ட்ராவோடு செய்த பிற்காலப் பதிவு படத்தின் வேகத்துக்கு நெருக்கமானது, ஒலியும் துல்லியம். மூல டேப்புகள் சிதைந்துபோன பழைய படங்களுக்கு இத்தகைய புதுப் பதிவே நல்ல வழி.

ஐரோப்பாவில் 1962 வரை வெளியான பதிவுகளின் உரிமைக்காலம் முடிந்துவிட்டது. அதனால் அந்தக் காலத்துத் தட்டுகளை யார் வேண்டுமானாலும் அங்கே சட்டப்படி வெளியிடலாம். விலை மலிவாக இருக்கும். பழைய தட்டையே ஓடவிட்டுப் பிரதி எடுத்ததாகவும் இருக்கலாம். மூல டேப்பிலிருந்து எடுத்தது என்ற குறிப்பும், பதிவு விவரமும் இல்லாத பதிப்பை எடுக்காதீர்கள். நிறுவனத்தின் பெயரே இல்லாமல் 'முழு இசை' என்று விற்கப்படும் சிடிக்கள் பக்கமே போக வேண்டாம். அவை திருட்டுப் பிரதிகள். பல சமயம் வசனமில்லாத ஒலித்தடத்தைப் படத்திலிருந்து உருவி எடுத்தவை. இசை நடுவில் திடீரென்று தேய்ந்து மறையும்.

சிடியா வினைலா என்றால், பின்னணி இசைக்கு என் ஓட்டு சிடிக்கே. இந்த இசையில் மிக மெல்லிய பகுதிகள் அதிகம். வினைலில் அங்கேதான் தூசியின் கரகரப்பு கேட்கும். ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் திணித்தால் ஒலியின் வலு குறையும். தட்டின்மேல் படம் அச்சிட்ட பிக்சர் டிஸ்க்குகளில் இரைச்சல் இன்னும் கூடுதல். அவை சுவரில் மாட்டத்தான் லாயக்கு. முதலில் தட்டுக்கென்றே வரிசைப்படுத்திய 60, 70-களின் ஆல்பங்களை மட்டும் வினைலில் வாங்கலாம். அங்கே பக்கம் திருப்பும் இடம்கூட யோசித்து வைத்ததாக இருக்கும்.

கடைசியாக, 'ஆயிரம் பிரதிகள் மட்டும்' என்ற அறிவிப்பைப் பார்த்து அவசரப்படாதீர்கள். விற்றுத் தீர்ந்த பல ஆல்பங்கள் சில வருடத்தில் இன்னும் நல்ல ஒலியோடு திரும்ப வந்திருக்கின்றன. ட்ராக்குகளைக் கேட்டுத் தேறிய ஆல்பம், விரும்பிய காட்சியின் இசையும் இருக்கிறது, நம்பிக்கையான நிறுவனம் என்றால் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். இவற்றில் ஒன்றில் சந்தேகம் இருந்தாலும் பட்டியலில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த மாதம் மறுபடியும் அந்த நடு ட்ராக்குகளைக் கேட்டுப் பாருங்கள்.