மால்டிய மொழியில் பன்மைச் சொற்கள் எவ்வாறு உருவாகின்றன?

சிசிலியத் தீவில் வழங்கிய அரபியிலிருந்து கிளைத்து, பின்னர் சிசிலியம், இத்தாலியம், ஆங்கிலம் ஆகியவற்றிலிருந்து பெருமளவு சொற்களை ஏற்றுக்கொண்ட மொழி மால்டியம் என்பதால், அதன் பன்மையை ஒரே விதியில் அடக்க இயலாது.

எளிய முறை விகுதி சேர்ப்பது. தாயைக் குறிக்கும் 'ஒம்', 'ஒம்மியீத்' என்றாகிறது. தாளைக் குறிக்கும் இத்தாலியவழிச் சொல்லான 'கார்தா', 'கார்தி' என்றாகிறது.

கற்பவரைத் திணறடிப்பது உடைந்த பன்மைதான். இதில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் அப்படியே நிற்க, அவற்றினிடையே உள்ள உயிரொலிகளும் அசையமைப்பும் மாறுகின்றன: நூலைக் குறிக்கும் 'க்தீப்', 'கொத்பா' ஆகிறது, சிறுவனைக் குறிக்கும் 'திஃபெல்', 'த்ஃபால்' ஆகிறது. இம்முறை அரபி மரபுக்கு உரியது; ஆயினும் சிசிலியத்திலிருந்து வந்த 'ஸ்கோலா' (பள்ளி) என்னும் சொல்லும் அதற்குட்பட்டு 'ஸ்கேயெல்' என்று மாறியிருப்பது, கடன்சொற்களை இம்மொழி எவ்வளவு ஆழமாகத் தன்வயமாக்கியுள்ளது என்பதைக் காட்டுகிறது. எனினும் அண்மைக்கால ஆங்கிலச் சொற்கள் பல தம் பன்மையோடே வந்துள்ளன; 'கொம்ப்யூட்டர்ஸ்' அவ்வகையே.

இருமை வடிவம் ஒரு சில சொற்களோடு நின்றுவிட்டது. 'செனா' ஓர் ஆண்டு, 'செந்தெய்ன்' இரண்டு ஆண்டுகள். கையைக் குறிக்கும் 'ஈத்' என்பதன் 'இதெய்ன்' போன்ற உறுப்புப் பெயர்களிலோ, இருமை விகுதியே பொதுப் பன்மையாகவும் வழங்குகிறது.

ஒரு சொல் எந்த வகையைச் சேரும் என்பதை அதன் ஒருமையைக் கொண்டு எப்போதும் ஊகிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பெயரையும் அதன் பன்மையோடு சேர்த்தே மனனம் செய்வது நல்லது.