வீட்டைக் கவனிக்காத ப்ரான்சன் ஆல்காட்டை ஏன் பெரிய கல்வியாளர் என்று கொண்டாடுகிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறார் என்றே நினைக்கிறேன். எங்கள் வீட்டில் இருந்தார், என் அப்பா.

முதலில், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ஆசிரியரான ஆல்காட்டுக்குச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவருடைய அபிமானிகள் சண்டைக்கு வருவார்கள். 1834-ல் பாஸ்டனில் அவர் தொடங்கிய டெம்பிள் பள்ளியில் பிள்ளைகளைப் பேச வைத்துத்தான் பாடம். தப்பு செய்த பையனிடமே பிரம்பைக் கொடுத்துத் தன் கையை நீட்டிய ஆசிரியர் அவர். பைபிள் பற்றிப் பிள்ளைகளோடு பேசியதைப் புத்தகமாகப் போட்டதும் ஊர் கொதித்தது, பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றுவிட்டார்கள். அப்புறம் வேறொரு சிறு பள்ளி நடத்தினார், 1839-ல் அதில் ஒரு கறுப்பினச் சிறுமியைச் சேர்த்தார். அவளை நீக்கச் சொன்ன பெற்றோரிடம் முடியாது என்றார். பள்ளியே போனது. இதை நான் குறையாகச் சொல்லவே மாட்டேன்.

ஆனால் 1843-ல் மாசசூசெட்ஸில் கொள்கை நண்பர்களோடு கூடி வாழ ஃப்ரூட்லேண்ட்ஸ் என்று ஒரு பண்ணை வைத்தாரே, அங்கேதான் எனக்குக் கோபம். அடிமைகள் உழைப்பில் வருவது என்பதால் பருத்தி வேண்டாம், ஆட்டினுடையது என்பதால் கம்பளி வேண்டாம், பால்கூட வேண்டாம். கொள்கை எல்லாம் சரி. அத்தனை பேருக்கும் சமைத்துத் துவைத்தது அவர் மனைவி அபிகெய்ல். ஆண்கள் கொள்கை பேச வெளியூர் போயிருந்த நேரத்தில், அறுத்துப் போட்ட பார்லி மழையில் போய்விடாமல் பெண்டு பிள்ளைகள் வாரிச் சேர்த்ததாக மகள் லூயிசா பின்னாளில் கதையாக எழுதினார். ஏழு மாதத்தில் எல்லாம் கலைந்தது. ஆல்காட் சாப்பிட மறுத்துப் படுத்துவிட்டார். நான்கு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அபிகெய்லால் படுக்க முடியுமா?

என் அப்பா தனியார் பள்ளி ஆசிரியர். டியூஷனுக்குக் காசு வாங்குவது பாவம் என்பார். சாயங்காலம் ஆனால் எங்கள் திண்ணை நிறையப் பையன்கள். உள்ளே அம்மா தையல் மிஷினில் ஊராருக்கு ஜாக்கெட் தைப்பார். என் கல்லூரிக் கட்டணத்துக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது, மீளவில்லை. அப்பா இறந்தபின் பழைய மாணவர்கள் படத்திறப்பு வைத்தார்கள். நன்றியோடு வந்த நல்ல பிள்ளைகள்தான், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆளாளுக்கு "எங்களுக்குச் சோறு போட்ட தெய்வம்" என்று அப்பாவைப் பேசினார்கள். அந்தச் சோற்றை வடித்தவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார், ஒருவர் வாயிலும் அம்மாவின் பெயர் வரவில்லை. அன்றைக்கு மைக்கைப் பிடுங்கத் தோன்றியது.

அப்பாவைத் திட்டுகிறேன் என்று யாரும் வர வேண்டாம். அவரிடம் படித்துத்தான் நானும் ஆசிரியை ஆனேன். நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் சம்பளத்தை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். கேட்டால் "ஆசிரியப் பணி அறப்பணி" என்று பதில் வரும். அறப்பணி என்ற பேச்சு சம்பளம் கொடுக்கும் நாளில் மட்டும் ஏன் வருகிறது என்று யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஆல்காட் குடும்பம் எப்படிப் பிழைத்தது? நண்பரான எழுத்தாளர் எமர்சன் பலமுறை கைகொடுத்தார். 1840-களின் கடைசியில் அபிகெய்ல் பாஸ்டனில் ஏழைகளுக்கு உதவும் சம்பள வேலைக்குப் போனார். லூயிசா தைத்தார், பாடம் சொல்லிக்கொடுத்தார், பத்திரிகைகளுக்குக் கதை எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் செவிலியாகப் போய் டைபாய்டு வந்து, அதற்குக் கொடுத்த பாதரச மருந்துக்குப் பின் உடல்நலம் பழையபடி திரும்பவே இல்லை. 1868-ல் அவருடைய 'லிட்டில் விமன்' நாவல் வந்த பிறகுதான் கடன்கள் அடைந்தன. அந்தக் கதையிலும் முதல் பாதியில் பெரும்பகுதி அப்பா போருக்குப் போயிருக்கிறார், வீட்டைத் தாங்குவது அம்மா. அது தற்செயல் என்று என்னால் நம்ப முடியாது.

ஆல்காட்டின் பெருங்கனவான தத்துவப் பள்ளி 1879-ல் கான்கார்டில் தொடங்கியது. அபிகெய்ல் 1877-லேயே இறந்துவிட்டார். என்னைக் கேட்டால் ஆல்காட்டைத் தாராளமாகக் கொண்டாடலாம், அவருடைய பள்ளிக் கொள்கையில் நான் குற்றம் காணவில்லை. ஆனால் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அபிகெய்லை "பொறுமைசாலி மனைவி" என்று ஒரே வரியில் முடிப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.